பிறந்தப்ப நீங்க எத்தனை கிலோ?

உங்களுக்குத் தெரியுமா? இதைப் படிக்கிற பத்துப் பேர்ல எட்டுப் பேருக்குத் தெரியாதுன்னு நினைக்கிறேன். இப்ப என்ன எடைன்னு கேட்டா கிராம் சுத்தமா சொல்லுவோம். பிறந்தப்ப எத்தனைன்னு கேட்டா "அம்மாவைத்தான் கேக்கணும்" என்போம்.

அந்த ஒரு எண்ணோட கதைதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

முதல்ல ஒரு ஒப்புதல் வாக்குமூலம். ஹவுஸ் சர்ஜனா இருந்த காலம். பிரசவ வார்டுல நைட் டூட்டி. அன்னைக்கு நிக்க நேரமில்லாம அடுத்தடுத்து பிரசவம். ஒரு குழந்தையை எடை போட்டேன், மெஷின் 2.38 காட்டிச்சு. நான் ரிஜிஸ்டர்ல 2.5 னு எழுதினேன்.

ஏன்? 2.5 கிலோவுக்குக் கீழ போனா "எடை குறைந்த குழந்தை". தனியா ஒரு பதிவேடு, குழந்தைகள் வார்டுக்குத் தகவல், காலையில ரவுண்ட்ஸ்ல கேள்வி. குழந்தை நல்லா அழுதுச்சு, நல்லா பால் குடிச்சுது. நூறு கிராம்தானே, என்ன ஆகிடப் போகுதுன்னு தோணிச்சு.

பக்கத்துல இருந்த சீனியர் சிஸ்டர் பாத்துட்டாங்க. "டாக்டர் தம்பி, மெஷின் என்ன சொல்லிச்சோ அதை எழுதுங்க. நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு அந்தக் கட்டத்துல யாரும் கேக்கல."

அடிச்சுத் திருத்தி எழுதினேன். அப்படியே அந்தப் பக்கத்தை மேலேர்ந்து பாத்தேன். 2.5, 2.5, 3, 2.5, 2.75, 2.5, 2.5... எனக்கு முன்னாடி டூட்டி பாத்தவங்களும் என்னை மாதிரியே யோசிச்சிருக்காங்க.

இதை ஏன் இப்ப சொல்றேன்னா, நூறு வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல சில பெண்கள் இதே வேலையை ஒழுங்கா செஞ்சாங்க. அதனால இன்னைக்கு உங்க அப்பாவுக்கு வந்த மாரடைப்பைப் பத்தியும், எனக்கோ உங்களுக்கோ வரப்போற சர்க்கரையைப் பத்தியும் நமக்குக் கொஞ்சம் புரியுது.

கதைக்குப் போவோம்.

1899. தென்னாப்பிரிக்காவில் போயர் போர் தொடங்குகிறது. இங்கிலாந்து ராணுவத்துக்கு ஆள் எடுக்கப் போனால், வந்து நிற்கிற இளைஞர்களில் ஏராளமானோர் குள்ளமாக, நோஞ்சானாக, சொத்தைப் பல்லோடு இருக்கிறார்கள். உலகத்தையே ஆண்டுகொண்டிருந்த நாட்டுக்கு இது பெரிய அதிர்ச்சி. விசாரணைக் குழு போட்டார்கள். 1904-ல் அறிக்கை வந்தது. பிரச்சினை பட்டாளத்தில் இல்லை, தொட்டிலில் இருக்கிறது என்பது தெரிந்தது. அப்போது அங்கே பிறக்கிற ஆயிரம் குழந்தைகளில் சுமார் 150 ஒரு வயது தாண்டாமலே இறந்துகொண்டிருந்தன. (இன்னைக்குத் தமிழ்நாட்டுல அந்த எண் எங்கயோ கீழ இருக்கு. அந்தக் கால லண்டனைவிட இந்தக் கால ராமநாதபுரம் குழந்தைக்கு ரொம்பப் பாதுகாப்பான ஊர். இதை நாம போதுமான அளவு கொண்டாடறதில்ல.)

தாய்மார்கள் மேல் இருந்த பாசத்தில் வந்த அக்கறை இல்லை இது. அடுத்த போருக்கு ஆள் வேணுமே என்கிற கவலை. ஆனா காரணம் எதுவா இருந்தாலும் வேலை நடந்தது. 1902-லேயே மருத்துவச்சிகளுக்கான சட்டம் வந்திருந்தது. பயிற்சி, பதிவு, மேற்பார்வை எல்லாம் கட்டாயம் ஆயிற்று. 1907-ல் இன்னொரு சட்டம், குழந்தை பிறந்த 36 மணி நேரத்துக்குள் சுகாதார அதிகாரிக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றது.

லண்டனுக்கு வடக்கே ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் என்று ஒரு மாவட்டம். அங்கே எதெல் மார்கரெட் பர்ன்சைட் என்ற பெண்மணி தலைமை சுகாதாரப் பார்வையாளராகவும் மருத்துவச்சிகளின் மேற்பார்வையாளராகவும் இருந்தார். நம்ம ஊர் பாஷையில் சொன்னால், ஒரு மாவட்டத்தின் எல்லா கிராம சுகாதார செவிலியர்களுக்கும் தலைவி.

அவர் போட்ட ஏற்பாடு ரொம்ப எளிமையானது. குழந்தை பிறந்ததும் மருத்துவச்சி எடை போட வேண்டும். பிறகு அந்த ஒரு வருஷம் முழுக்க சுகாதாரப் பார்வையாளர் வீட்டுக்குப் போய்ப் போய்ப் பார்க்க வேண்டும். தாய்ப்பாலா, புட்டிப்பாலா? என்ன நோய் வந்தது? ஒரு வயது முடியும்போது எடை என்ன? இதையெல்லாம் பெரிய பேரேடுகளில் ஏற்ற வேண்டும். 1911-ல் தொடங்கிய இந்தப் பதிவு 1948 வரை நிற்காமல் போனது. நடுவில் ரெண்டு உலகப் போர் வந்து போனது. பேரேடு நிற்கவில்லை.

கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. மழையில, பனியில, ஒரு நர்சம்மா குடிசை வீட்டுக் கதவைத் தட்டி, குழந்தையைத் தராசுல வெச்சு, பவுண்டு அவுன்ஸ் கணக்குல எழுதிக்கிட்டுப் போறாங்க. இதை வெச்சு யாரோ ஒருநாள் ஆராய்ச்சி பண்ணுவாங்கன்னு அவங்களுக்குத் தெரியாது. அந்தக் குழந்தை பொழைக்கணும், அவ்வளவுதான் அவங்க நோக்கம்.

அப்புறம் அந்தப் பேரேடுகள் நாற்பது வருஷம் தூங்கின.

இப்ப 1980-களுக்கு வாங்க. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர். மக்கள்தொகை அளவில் நோய்களை ஆராய்கிறவர். அவரை ஒரு விஷயம் உறுத்தியது. மாரடைப்பு பணக்கார நோய், வெண்ணெயும் இறைச்சியும் தின்று சோபாவில் உட்கார்ந்திருப்பவனுக்கு வருவது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். அப்படியென்றால் இங்கிலாந்தில் பணக்காரப் பகுதிகளில்தானே அதிகம் இருக்க வேண்டும்? வரைபடத்தில் பார்த்தால் நேர்மாறு. ஏழைப் பகுதிகளில்தான் அதிகம் பேர் இதய நோயில் செத்துக்கொண்டிருந்தார்கள்.

பார்க்கரும் புள்ளியியல் வல்லுநர் கிளைவ் ஆஸ்மண்டும் இங்கிலாந்தையும் வேல்ஸையும் 212 பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு ரெண்டு கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒன்று, 1968 முதல் 1978 வரை எங்கே இதய நோய் மரணம் அதிகம். இன்னொன்று, 1921 முதல் 1925 வரை எங்கே பச்சிளம் குழந்தை மரணம் அதிகம். ரெண்டு வரைபடமும் அச்சு அசலாக ஒத்துப்போயின. அரை நூற்றாண்டுக்கு முன் எந்த ஊரில் குழந்தைகள் அதிகம் செத்தனவோ, அதே ஊரில், அன்றைக்குச் சாகாமல் பிழைத்த குழந்தைகள் இப்போது மாரடைப்பில் போய்க்கொண்டிருந்தார்கள். 1986-ல் லான்செட் இதழில் இது வந்தது.

ஆனா ஊரோட கணக்கு வேற, ஆளோட கணக்கு வேற. ஒரு ஊர்ல ரெண்டும் அதிகம்கிறதால ஒண்ணு இன்னொண்ணுக்குக் காரணம்னு சொல்லிட முடியாது. தனித்தனி மனுஷனோட பிறந்த எடை தெரியணும், அதே மனுஷன் எதனால இறந்தான்னும் தெரியணும். அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னாடி பிறந்தவனோட எடையை யார் எழுதி வெச்சிருப்பா?

பழைய பதிவுகளைத் தேடி நாடு முழுக்க ஆவணக் காப்பகங்களைச் சலித்தார்கள். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் பர்ன்சைடின் பேரேடுகள் கிடைத்தன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பார்க்கரின் குடும்பமே லண்டனை விட்டு அந்த மாவட்டத்துக்குத்தான் குடிபெயர்ந்திருந்தது. அவருடைய தங்கை 1943-ல் அங்கேதான் பிறந்தார்.

அடுத்த வேலை ஆளைக் கண்டுபிடிப்பது. முதலில் ஆண்களை மட்டும் தேடினார்கள். காரணம் எளிது. பெண்கள் கல்யாணம் ஆனதும் குடும்பப் பெயரை மாற்றிக்கொள்வார்கள், தடம் விட்டுப்போகும். ஆறு வட்டாரங்களில் 1911-க்கும் 1930-க்கும் இடையில் பிறந்த 5,654 ஆண்களின் தடம் கிடைத்தது.

1989-ல் முடிவு வெளியானது. பிறக்கும்போதும் ஒரு வயதிலும் எடை குறைவாக இருந்தவர்கள்தான் இதய நோயில் அதிகம் இறந்திருந்தார்கள். நாட்டின் சராசரி இறப்பை 100 என்று வைத்துக்கொண்டால், ஒரு வயதில் 18 பவுண்டு (8.2 கிலோ) அல்லது அதற்குக் கீழ் இருந்தவர்களுக்கு அது 111. 27 பவுண்டுக்கு (12.3 கிலோ) மேல் இருந்தவர்களுக்கு 42.

திரும்பப் படிங்க. 111 எங்கே, 42 எங்கே.

பிறகு கேம்பிரிட்ஜின் நிக் ஹேல்ஸோடு சேர்ந்து அதே மாவட்டத்து ஆண்களைக் கூப்பிட்டு குளுக்கோஸ் குடிக்க வைத்து ரத்தம் எடுத்தார்கள். பிறந்த எடை குறையக் குறைய சர்க்கரைக் கோளாறு ஏறிக்கொண்டே போனது. 1992-ல் இருவரும் ஒரு கருதுகோளை வைத்தார்கள். வயிற்றில் இருக்கும்போது சாப்பாடு பத்தாத சிசு சிக்கனமாக வாழப் பழகிக்கொள்கிறது. இருப்பதை மூளைக்குக் கொடுத்துவிட்டு, கணையத்திலும் தசையிலும் சிறுநீரகத்திலும் கைவைக்கிறது. வெளியே வந்தும் பஞ்சமாகவே இருந்தால் அந்தச் சிக்கனம் உதவும். வெளியே வந்து பிரியாணியும் பைக்கும் கிடைத்தால் அதே உடம்பு தடுமாறும்.

எல்லாரும் உடனே ஏத்துக்கிட்டாங்களான்னா இல்ல. "ஏழைத் தாய்க்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும், அது ஏழையாகவே வளரும், புகை பிடிக்கும், அதனால் மாரடைப்பு வரும். கர்ப்பப்பையை ஏன் இழுக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஸ்வீடனின் உப்சாலா நகரில் 1915 முதல் 1929 வரை பிறந்த சுமார் 15,000 பேரை, சமூகப் பொருளாதார நிலையையும் கணக்கில் எடுத்து ஆராய்ந்தார்கள். தொடர்பு அப்போதும் நின்றது. இன்னொரு பக்கம், லெனின்கிராட் முற்றுகைப் பஞ்சத்தில் கருவில் இருந்தவர்களைப் பரிசோதித்தபோது சர்க்கரைக் கோளாறு அதிகமாக இல்லை. 1944-45 பஞ்சத்தில் கருவில் இருந்த நெதர்லாந்துக்காரர்களுக்கு இருந்தது. பஞ்சத்துக்குப் பிறகு என்ன சாப்பாடு கிடைத்தது என்பதும் கணக்கில் வருகிறது என்று பலர் விளக்கினார்கள். இந்த விவாதம் இன்னும் முடியல.

சரி, வெள்ளைக்காரன் கதை போதும். நம்ம பக்கம் வருவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான்.

மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை என்று ஒரு பழைய மிஷன் ஆஸ்பத்திரி. அங்கே 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்கள். தாயின் எடையும்கூட. சவுத்தாம்ப்டனிலிருந்து கேரலின் ஃபால் உள்ளிட்ட குழு வந்து, மைசூர் மருத்துவர்களோடு சேர்ந்து, வீடு வீடாகத் தேடி, 1934-க்கும் 1954-க்கும் இடையில் அங்கே பிறந்த 517 ஆண்களையும் பெண்களையும் கண்டுபிடித்தது.

பிறந்தபோது 2.5 கிலோவோ அதற்குக் கீழோ இருந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதய நோய். 3.1 கிலோவுக்கு மேல் இருந்தவர்களில் 3 சதவீதம். குழந்தையும் 2.5-க்குள், தாயும் 45 கிலோவுக்குள் என்றால் 20 சதவீதம். ஐந்தில் ஒருவர்!

நான் 2.38-ஐ 2.5 ஆக்கின இடம் இதுதான். அந்தக் கோட்டுக்கு மேலயா கீழயாங்கிறதுதான் கேள்வியே. மைசூர்ல 1934-ல யாரோ ஒரு சிஸ்டர் என்னை மாதிரி எல்லாத்தையும் ரவுண்டா எழுதியிருந்தா இந்த ஆய்வுக்கு மதிப்பே இருந்திருக்காது.

ஆனால் மைசூர் இன்னொரு விஷயத்தில் ஆய்வாளர்களைத் திகைக்க வைத்தது. சர்க்கரை நோயைப் பார்த்தபோது கதை மாறியது. எடை குறைந்து பிறந்தவர்களுக்கு இல்லை, நீளம் குறைவாக, குண்டாகப் பிறந்தவர்களுக்குத்தான் சர்க்கரை அதிகம். அவர்களின் தாய்மார்களும் எடை கூடியவர்கள். அதாவது இங்கிலாந்தின் விதி இங்கே அப்படியே பொருந்தவில்லை. தாய்க்கு கர்ப்பத்தில் ரத்தச் சர்க்கரை கூடியிருந்திருக்கலாம், அது தொப்புள்கொடி வழியாக சிசுவுக்குப் போய் அதைக் கொழுக்க வைத்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள். சந்தேகத்தைச் சோதிக்க 1997-98-ல் அதே மருத்துவமனையில் கர்ப்பிணிகளைப் பரிசோதித்தார்கள். 6.2 சதவீதம் பேருக்கு கர்ப்பகாலச் சர்க்கரை. அவர்களின் பிள்ளைகளை, முக்கியமாகப் பெண் பிள்ளைகளை, ஐந்து வயதிலும் ஒன்பது வயதிலும் பார்த்தால் கொழுப்பு கூடுதல், இன்சுலினும் கூடுதல்.

புனே பக்கத்தில் ஆறு கிராமங்கள். கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழு 1993-ல் தொடங்கி, கல்யாணமான பெண்களை மாதாமாதம் வீட்டில் பார்த்து மாதவிலக்குத் தேதியைக் குறித்து, கர்ப்பம் ஆன நாளிலிருந்தே பின்தொடர்ந்தது. நிறைமாதக் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5. நம்ம குழந்தைக்கு வயிறு சின்னது, தசை குறைவு, எல்லாமே குறைவு. ஆனால் முதுகுத் தோலைக் கிள்ளி அளந்தால் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. பிறக்கும்போதே!

யாஜ்னிக்கும் லண்டன் நண்பர் யுட்கினும் சேர்ந்து எடுத்த ஒரு படம் லான்செட்டில் வந்தது. ரெண்டு பேருக்கும் உடல் நிறை குறியீடு ஒரே 22.3. யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம். யாஜ்னிக்கின் உடம்பில் 21.2.

என் புறநோயாளிப் பிரிவுக்கு வருகிற மெலிந்த மனிதர்களை இந்தப் படம் எனக்கு விளக்கியது. வயசு 41, எடை 56, பீடி இல்லை, குடி இல்லை, கொத்தனார் வேலை. சர்க்கரை 290. "சார், எங்க வம்சத்துலயே யாரும் குண்டு இல்ல, எனக்கு எப்படி சார்?" என்று கேட்பார். "காபியில சீனி குறைங்க" என்று சொல்லி அனுப்பிய நாட்களை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவருடைய கேள்விக்குப் பதில் அவர் அம்மா கர்ப்பமாக இருந்தபோது என்ன சாப்பிட்டார் என்பதிலும் கொஞ்சம் இருக்கிறது. அந்தம்மா களை பறித்துக்கொண்டே ஒன்பது மாதத்தையும் கடத்தியிருப்பார்.

"அப்ப குழந்தையை நல்லா கொழுக்க வெச்சா சரியாப் போயிடுமா?" இதுதான் அடுத்த கேள்வி வரும், எனக்குத் தெரியும். இல்ல. டெல்லியில் 1969-லிருந்து பிறந்த குழந்தைகளை அடிக்கடி அளந்து வைத்து, 26 முதல் 32 வயதில் 1,492 பேரைத் திரும்பப் பரிசோதித்தார்கள். நம்ம வேலூரிலும் கே.வி.குப்பம் கிராமங்களிலும் அதே காலத்தில் பிறந்தவர்களை வைத்து இதே போன்ற ஆய்வு நடந்தது. டெல்லி சொன்னது: சர்க்கரைக் கோளாறு வந்தவர்கள் ரெண்டு வயது வரை மெலிந்திருந்தவர்கள், அதற்குப் பிறகு வேகமாக எடை போட்டவர்கள். 12 வயதில் அவர்களில் ஒருவர்கூட உடல்பருமன் என்ற வரையறைக்குள் வரவில்லை. தன் வகுப்புத் தோழனைவிடக் குண்டாக இருந்தார்கள் என்பதில்லை. தன்னுடைய பழைய கோட்டைத் தாண்டி ஏறினார்கள், அதுதான் பிரச்சினை. நோஞ்சானாப் பிறந்த பிள்ளைக்கு நாலு வயசுலேர்ந்து பிஸ்கட்டும் சத்துமாவு டப்பாவும் திணிக்கிற பாட்டிகள் இதை ஒரு தடவை படிக்கணும். (என் பாட்டியும் சேர்த்துத்தான்.)

இன்னொரு பாட்டி வைத்தியம்: "நிறைய சாப்பிடாத, குழந்தை பெருசாயிடும், பிரசவம் கஷ்டமாயிடும்." இதையும் விடுங்க. புனே கிராமங்களில் கீரையும் பழமும் பாலும் அதிகம் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகள்தான் நல்ல அளவில் பிறந்தன. அங்கே மூன்றில் ரெண்டு பங்கு தாய்மார்களுக்கு வைட்டமின் பி12 குறைவு. முட்டை, மீன், பால், தயிர். முடிஞ்சதைச் சாப்பிடுங்க.

சர்க்கரை விஷயத்தில் தமிழ்நாடு ஒரு நல்ல காரியம் செய்தது. சென்னையின் மருத்துவர் வி. சேஷையா குழு நகரம், சிறுநகரம், கிராமம் என்று பிரித்து கர்ப்பிணிகளைப் பரிசோதித்ததில் கர்ப்பகாலச் சர்க்கரை முறையே 17.8, 13.8, 9.9 சதவீதம். கிராமத்தில்கூட பத்தில் ஒருவர்! 2007-லேயே அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் எல்லா கர்ப்பிணிக்கும் பரிசோதனை என்று ஆனது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணியில கரைச்சு குடிக்கச் சொல்லி, ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுப்பாங்களே, அதுதான். 140-ஐத் தொட்டால் சிகிச்சை. வெறும் வயித்துல வரணும்னுகூட கட்டாயமில்ல. முதல் தடவை வரும்போது ஒண்ணு, 24-லேர்ந்து 28 வாரத்துக்குள்ள இன்னொண்ணு. "ரெண்டு மணி நேரம் உக்கார வெக்கிறாங்க" என்று திட்டிவிட்டு எழுந்து போகிறவர்கள் உண்டு. போகாதீங்க. அந்த ஊசி உங்களுக்கு மட்டும் போடறது இல்ல.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன், இல்லேன்னா நாளைக்கு என் இன்பாக்ஸ் நிறைஞ்சிடும். பிறந்த எடை தலையெழுத்து இல்ல. 2.2 கிலோவில் பிறந்த எல்லோருக்கும் மாரடைப்பு வராது, 3.5-ல் பிறந்தவர் சிகரெட் பிடித்தால் தப்பவும் மாட்டார். ரத்தக்கொதிப்பு, புகை, சர்க்கரை, கொழுப்பு, நடை இவையெல்லாம் உங்க கையில இருக்கு. எடை குறைந்து பிறந்தவர் என்று தெரிந்தால் முப்பது வயதிலிருந்தே வருஷம் ஒரு தடவை சர்க்கரையும் பிரஷரும் பாருங்க, இடுப்பைச் சுத்தி ஏற விடாதீங்க. அவ்வளவுதான். எடை குறைந்த குழந்தை பெத்த எந்த அம்மாவும் இதைப் படிச்சிட்டு தன்னை நொந்துக்க வேண்டாம். அந்த எடைக்குள்ள அவங்களோட சிறுவயசுப் பசியும், அவங்க அம்மாவோட பசியும் சேர்ந்துதான் இருக்கு.

பார்க்கர் 2013-ல் காலமானார். பர்ன்சைடின் பேரேடுகள் ஆரம்பித்து வைத்த ஆய்வு, அந்த மாவட்டத்தில் பிறந்து முதியவர்களானவர்களிடம் பிறகும் பல வருஷம் தொடர்ந்தது.

போன வாரம் அம்மாவுக்கு போன் போட்டு என் பிறந்த எடையைக் கேட்டேன்.

"நல்லா கொழுகொழுன்னுதான் இருந்த."

"எத்தனை கிலோம்மா?"

"யாருக்குடா ஞாபகம் இருக்கு? அந்த அட்டையை வீடு மாத்தும்போது எங்கயோ போட்டுட்டோம். ஏன், இப்ப என்ன உடம்புக்கு?"

உடம்புக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். உங்க வீட்ல அந்த அட்டை இருந்தா ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. பிறந்த எடை தெரிஞ்சவங்க கீழ எழுதுங்க, பாக்கலாம். மறக்காம கிராமையும் சேர்த்து எழுதுங்க.